ஜின் என்றார்கள், இப்போது ஜீன் என்கிறார்கள்

தம்பி,

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. உன் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து என் ரத்தம் வேண்டும் என்று கேட்டாய். முடியாது என்றேன். நீ சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டாய். சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். நீ சண்டை போடுகிற பிள்ளை இல்லை. அதனால் எழுதுகிறேன். ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். எழுத்தில் பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். சொல்லும் விஷயத்தில் பிழை இருந்தால் நேரில் வந்து சொல்லு, பேசிக்கொள்வோம். உன் அக்காவுக்கும் இதைப் படித்துக் காட்டு. உன் டாக்டருக்கும் காட்டலாம். மூடி மறைக்க இதில் எதுவும் இல்லை.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். உனக்குப் பிறவியிலிருந்தே ரத்தம் உறையாது. சின்ன அடி பட்டாலும் உள்ளேயே கசிந்து முட்டி பானை மாதிரி வீங்கிவிடும். அதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் என் வாயில் நுழையாது. ரத்தம் நிற்காத சீக்கு என்றுதான் எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக இல்லாத மருந்து இப்போது வந்திருக்கிறதாம். அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆட்களுக்குப் போட்டுப் பார்க்கிறார்களாம். உன் டாக்டர் அவர்களோடு பேசி உன் பெயரைச் சேர்த்துவிட்டாராம். அடுத்த வெள்ளிக்கிழமை பிளேன். போவதற்கு முன்னால் உன் ரத்தம், அக்கா ரத்தம், என் ரத்தம் மூன்றையும் வைத்துப் பார்க்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன்.

"ஜீன்ல எந்த எடத்துல கோளாறுன்னு பாக்கணும்மா."

"எந்த ஜின்?"

நீ சிரித்தாய். "ஜின் இல்லம்மா, ஜீன். ஜீ...ன்."

"சத்தம் கொஞ்சம் நீளமா இருக்கு. வேற என்ன வித்தியாசம்?"

நீ சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னாய். உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமாம். தலைமுறை தலைமுறையாக இறங்கி வருமாம். பொம்பளையிடம் சும்மா உட்கார்ந்திருக்குமாம், அவள் பெற்ற ஆண் பிள்ளையைப் பிடித்து ஆட்டுமாம். அம்மா வழியாகத்தான் வருமாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை தம்பி. இதே பேச்சை இதே வரிசையில் நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். அப்போது உனக்கு விவரம் தெரியாத வயசு.

நீ தவழ ஆரம்பித்த நாளில் உன் முட்டியெல்லாம் நீலம் பூத்தது. நெஞ்சில், கையிடுக்கில், தூக்கிய இடமெல்லாம் விரல் விரலாகத் தடம். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவன் உன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். மறுநாள் காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற இடத்தில், எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, வேலை வாங்குகிற மண்டோரும் கணக்கெழுதுகிற கிராணியும் இருக்கும்போது, "பிள்ளைய அடிக்கிற பொம்பளைங்க யாராவது இருந்தா இப்பவே சொல்லிக்குங்க" என்றான். பெயர் சொல்லவில்லை. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் அடித்ததில்லை என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் செத்து இத்தனை வருஷம் ஆகிறது, வருஷா வருஷம் படையல் போடுகிறேன், அதையும் நினைத்துக்கொண்டுதான் போடுகிறேன்.

பிறகு உனக்குப் பால் பல் விழுந்தது. விழுந்த இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. துணி துணியாக நனைந்தது. உன் அப்பாவைப் பெற்ற பாட்டி, பக்கத்துக் கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், இருந்த வைத்தியர் ஒருவரிடம் நம்மை அழைத்துப் போனாள். போமோ என்பார்கள், ஓதிப் பார்க்கிறவர். அவர் உன் நெற்றியில் கை வைத்துக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார். ஜின், கண்ணுக்குத் தெரியாத ஆவி, பிடித்திருக்கிறது என்றார். பரம்பரையாக இறங்கி வருகிற ஜின். "செபெலா எமாக்" என்றார். உன் பாட்டிக்கு மலாய் அரைகுறைதான். மீன்காரனிடம் பேரம் பேசக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். ஆனால் செபெலா எமாக் என்றால் அம்மா பக்கம் என்பது மட்டும் அன்றைக்கு அவளுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

"கேட்டியாடி? உன் பக்கம்தானாம். உன் தம்பி எப்படிச் செத்தான், சொல்லு."

என் தம்பி, உன் மாமன், பால்மரம் வெட்டும் கத்தி காலில் கீறி ரத்தம் நிற்காமல் செத்தவன். மீசைகூட முளைக்காத வயசு. அது ஊரறிந்த விஷயம், நான் ஒளித்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் செத்தது எனக்குத் துக்கம் என்பது போய் என் மேல் குற்றம் என்று ஆகிவிட்டது. திருவிழாவுக்குப் போனால் பின்னால் பேச்சு. கல்யாண வீட்டுக்குப் போனால் மணப்பெண் பக்கத்தில் என்னை உட்கார வைக்க மாட்டார்கள். அந்த போமோ மேல் எனக்குக் கோபம் இல்லை. தண்ணீர் ஓதிக் கொடுத்தார், குடித்தாய், தண்ணீர் யாரையும் கொல்லாது. ஒரு கோழிதான் கேட்டார். கோபமெல்லாம் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்கள் மேல்தான்.

இப்போது பெரிய டாக்டர், கண்ணாடி போட்டவர், இத்தனை மெஷின் வைத்திருக்கிறவர், அதே செபெலா எமாக்கைத்தான் சொல்கிறார். அதைச் சொல்ல என் கையில் ஊசி வேறு குத்த வேண்டுமாம். ஏன் தம்பி, என் தம்பி செத்தான், உனக்கு இருக்கிறது, போன வருஷம் அக்கா மகனுக்கும் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. யார் வழியாக வந்தது என்று இன்னும் என்ன சந்தேகம்? அம்பாங்கானில் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் மாமியார் அவளிடம் பேசுவதை நான் கேட்டேன். "உங்க வீட்டுச் சொத்து" என்றாள், குழந்தையின் வீங்கின கையைக் காட்டி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அக்கா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். என் ரத்தத்தை எடுத்துக் காகிதத்தில் அடித்துக் கொடுத்தால் அந்த அம்மாள் அதைச் சட்டம் போட்டு மாட்டி வைப்பாள். அதனால்தான் முடியாது என்றேன். ஊசிக்குப் பயந்து இல்லை.

அது என் காரணம். இனி உன் காரியத்துக்கு வருகிறேன். மருந்து எப்படி வேலை செய்யும் என்று கேட்டேன். நீ பொறுமையாகத்தான் சொன்னாய். ஒரு கிருமியைப் பிடித்து, அதில் இருக்கும் கெடுதலை எல்லாம் எடுத்துவிட்டு, உனக்கு இல்லாத நல்ல ஜீனை அதற்குள் ஏற்றி, தொடையில் ஊசியாகப் போடுவார்கள். கிருமிக்குத்தான் உடம்புக்குள் நுழையும் வழி தெரியுமாம். உள்ளே போய் இறக்கி வைத்துவிடுமாம்.

"லோரில சாமான் ஏத்தி அனுப்புற மாதிரிம்மா."

"சாமானை எறக்கிட்டு லோரி எங்க போவும்?"

"அது அங்கயே கரைஞ்சிடும்னு சொல்றாங்க."

"எறக்குன சாமான் சரியில்லன்னா?"

"என்னம்மா?"

"திரும்ப ஏத்திக்கிட்டு வர முடியுமான்னு கேக்குறேன்."

நீ முட்டியைத் தடவிக்கொண்டாய். பிறகு "முடியாது" என்றாய். பொய் சொல்லாததற்கு உன்னை மெச்சிக்கொள்கிறேன். ஆனால் மாத்திரை என்றால் நிறுத்திவிடலாம். ஊசி என்றால் அடுத்த ஊசி வேண்டாம் என்று சொல்லலாம். இது போனால் போனதுதான்.

மருந்து என்ற வார்த்தையை நீ ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டாய். நான் தோட்டத்தில் கற்றுக்கொண்டேன். எங்களுக்கு மருந்து என்றால் களைக்கு அடிப்பதும் மருந்துதான், காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்துதான். முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு நான் மருந்தடிக்கப் போன காலத்தில் ஒரு நாள் புது டின் வந்தது. பழையதைவிட நல்லது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது, குடித்தால்கூட ஒன்றும் ஆகாது என்றார் மண்டோர். "அப்படின்னா நீங்க ஒரு மொடக்கு குடிச்சுக் காட்டுங்க மண்டோரே, நாங்க மிச்சத்த அடிக்கிறோம்" என்றேன். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். மண்டோர் சிரிக்கவில்லை, குடிக்கவும் இல்லை. என் கை நகம் கறுத்து உரிந்து விழுந்தது. இன்னமும் கட்டைவிரலில் நகம் கோணலாகத்தான் வளர்கிறது, நீ சின்ன வயசில் அதைப் பிடித்து விளையாடுவாய். புது மருந்து வந்தால் அதை முதலில் யார் முதுகில் ஏற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும் தம்பி. துரை முதுகில் ஏற்றியதில்லை.

குணாவையும் நீ மறந்திருக்க மாட்டாய். போர்டிக்சன் பையன். ஆஸ்பத்திரியில் உனக்குப் பக்கத்துக் கட்டில். உனக்கு இருக்கும் அதே சீக்கு. இரண்டு பேரும் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரே தட்டில் சாப்பிடுவீர்கள். அப்போதும் ஒரு புது மருந்துதான் வந்தது, வெளிநாட்டுத் தூள், தண்ணீரில் கரைத்து ஊசியில் போடுவது. போட்டால் வீக்கம் பட்டென்று வடிந்துவிடும். குணாவுக்குக் கிடைத்தது. உனக்கும் வேண்டும் என்று நான் அந்த வார்டு மிஸ்ஸியிடம், நர்ஸம்மாவிடம், கெஞ்சினேன், சண்டை போட்டேன், மேசையைத் தட்டினேன். தீர்ந்துபோய்விட்டது என்று கையை விரித்தாள். அவள் மேசைக்குக் கீழே அட்டைப் பெட்டி இருந்ததை நான் பார்த்தேன். உனக்குப் பழையபடி ஐஸில் வைத்திருந்த ரத்தநீர்ப் பையைத்தான் ஏற்றினார்கள். நீ வலியில் அழுதாய், குணா எழுந்து நடந்தான். நடந்தவன் சில வருஷத்தில் எலும்பும் தோலுமாக வந்து படுத்தான். அந்தத் தூள் யார் யாருடைய ரத்தத்தில் இருந்தோ செய்தது, அதோடு எய்ட்ஸும் சேர்ந்து வந்திருக்கிறது என்று அப்புறம்தான் சொன்னார்கள். குணாவின் அம்மா பிணத்தைத் தொட விடாமல் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்ததைச் சொல்லிச் சொல்லி அழுவாள்.

அந்த மிஸ்ஸி தரமாட்டேன் என்றதால்தான் நீ உயிரோடு இருக்கிறாய் என்று அக்கா சொல்வாள், அவள் மேல் இன்னும் ஏன் கோபம் என்று கேட்பாள். கோபம் போகவில்லை. அவள் உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்றா செய்தாள்? அந்தத் தூள் நல்லது என்று நினைத்துக்கொண்டே என் பிள்ளைக்கு இல்லை என்றவள் அவள். கெட்டது என்று தெரியாமல் குணாவுக்குக் கொடுத்தவர்களும் நல்லது என்றுதான் கொடுத்தார்கள். அதுதான் எனக்குப் பயம். யாரும் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை. சிரித்த முகத்தோடு, வெள்ளைக் கோட்டோடு, நம்பிக்கையோடுதான் வருகிறார்கள்.

போன மாதம் மளிகைக் கடையில் வெல்லம் கட்டிக் கொடுத்த பேப்பரில் ஒரு செய்தி பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அமெரிக்காவில் ஒரு பையனுக்கு இப்படித்தான் கிருமிக்குள் ஜீனை வைத்துப் போட்டார்களாம், செத்துப்போனானாம். உன்னிடம் கேட்டேன்.

"அது வேற வியாதிம்மா. போட்டது வேற கிருமி."

"கிருமி வேற, வியாதி வேற. நல்லதுன்னு சொன்ன வாய் மட்டும் ஒண்ணுதானலா?"

அதோடு நான் விடவில்லை. எவ்வளவு மருந்து போடுவார்கள் என்று கேட்டேன். முதலில் சேருகிறவர்களுக்குக் கொஞ்சமாகத்தான் போடுவார்கள், உடம்பு தாங்குகிறதா என்று பார்க்க, என்றாய். அந்தக் கொஞ்சத்தில் உனக்குக் குணமாகுமா என்றேன். ஆகலாம், அனேகமாக ஆகாது என்றாய். நாளைக்கு உனக்குப் பெண் குழந்தை பிறந்தால் அதற்காவது இந்தச் சீக்கு இறங்காமல் இருக்குமா என்றேன். இல்லை, இது என் உடம்போடு நின்றுவிடும், பிள்ளைக்குப் போவது போகத்தான் செய்யும் என்றாய். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. உனக்கும் குணமில்லை, உன் பிள்ளைக்கும் பலனில்லை, பிறகு யாருக்கு? டிக்கெட் முதற்கொண்டு அவர்களே எடுத்துக் கொடுக்கிறார்கள் என்றால், இதில் மருந்து அவர்களுடையது, முதுகு உன்னுடையது, அவ்வளவுதானே என்றேன்.

அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். குரலை உயர்த்தாமல், தட்டைப் பார்த்துக்கொண்டு. "பின்னால வர்றவங்களுக்கும்மா. அக்கா மகன் இப்பதான் நடக்கிறான்."

அதற்கு ஒரு பதில் இருந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன், என்னைத்தான் உனக்குத் தெரியுமே. அன்றிலிருந்து தேடிப் பார்க்கிறேன். அந்தக் குழந்தை நாற்காலி காலில் இடித்துக்கொள்ளும்போதெல்லாம் அக்கா ஓடி வருகிற வேகத்தைப் பார்க்கிறேன். நீ லோபாக்கில் வாடகை அறைக்கு மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் முதலில் நல்ல காலை வைத்து, பிறகு மற்றதை இழுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். யோசிக்காமல் ஒரு நாள் படி இறங்க வேண்டும் என்று நீ ஒரு தடவை சொன்னாய். வேறு பிள்ளைகள் மோட்டார் சைக்கிள் கேட்கும் வயசில் நீ கேட்டது அதுதான். ஆக, நீ ஏமாந்து போகவில்லை. தெரிந்துதான் போகிறாய். எல்லாக் கேள்விக்கும் எனக்கு உள்ளது உள்ளபடி பதில் சொன்னாய். உன்னை அழைத்துப் போகிறவர்களும் உனக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது, இல்லாவிட்டால் உனக்கு இவ்வளவு தெரிந்திருக்காது. எங்கள் மண்டோர் எங்களுக்கு இவ்வளவு சொன்னதில்லை. அதை மட்டும் அவர்கள் பக்கத்து நியாயமாக வைத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் நான் நம்பவில்லை. நம்பு என்று என்னைக் கேட்காதே. நீ போ என்றும் நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு ஏதாவது ஆனால் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்னால் இந்த வீட்டில் இருக்க முடியாது. போகாதே என்றும் சொல்ல மாட்டேன். வளர்ந்த பிள்ளை, அக்கா மகனைச் சொல்லிவிட்டாய், நான் யார் தடுக்க? என் ரத்தம் வேண்டுமென்றால் தருகிறேன். பிளேனுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, இந்த வியாழக்கிழமை வந்து அழைத்துப் போ. அக்கா மாமியார் சட்டம் போட்டு மாட்டினால் மாட்டட்டும், நான் போய் அதன் பக்கத்தில் நின்று பேசிக்கொள்கிறேன்.

என் பயம் இப்போது மருந்து மேல் இல்லை, உன் மேல். நீ எந்த டாக்டரிடமும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே, ஊசியோடு ஆள் வருவதற்குள் சட்டைக் கையை மடித்து நீட்டிவிடுவாய். தப்பான இடத்தில் குத்தி மறுபடி குத்தினாலும் "தேங்க் யூ மிஸ்ஸி" என்பாய். நல்ல பிள்ளை என்று எல்லோரும் கன்னத்தைத் தட்டுவார்கள், எனக்கு உள்ளுக்குள் எரியும். அங்கே போய்ப் படுத்த பிறகு, கடைசி நிமிஷத்தில் மனசு ஒப்பவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம், யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று நீதானே சொன்னாய். அது அவர்கள் வைத்திருக்கும் சட்டம். உன் வாயில் அது வருமா? இவ்வளவு தூரம் கூட்டி வந்தார்கள், டிக்கெட் எடுத்தார்கள், முகம் சுளிப்பார்களே என்று நீ கையை நீட்டிவிடுவாய். எனக்குத் தெரியும். பயந்தால் வெட்கப்படாமல் திரும்பி வா. ஊசி போடாமல் வந்தாலும் நீ என் மகன்தான், அக்கா மகனுக்கு மாமன்தான்.

அதனால் ரத்தம் தருவதற்கு எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. வியாழக்கிழமை பசியோடு வராதே, வழியில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வா. நான் உனக்குச் சோறு போடுவேன். வேண்டாம் என்று சொல்லு. கேட்காத மாதிரி நான் மறுபடியும் போட வருவேன். தட்டின் மேல் கையை வைத்து, என் முகத்தைப் பார்த்து, சத்தமாக வேண்டாம் என்று சொல்லு. எனக்குக் கோபம் வரும், வந்தாலும் சொல்லு. நீ அப்படிச் சொல்லி என் காதால் கேட்ட பிறகு, அவர்கள் எந்தக் கையில் கேட்டாலும் நீட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா